ஒன்பதாம் வலயம்: ‘டிஸ்ட்ரிக்ட் 9’ பார்த்தவர்கள் கேட்டவையும் சொன்னவையும்

எங்கள் ஊர் வாசிகசாலையில் மாதம் ஒரு படம் போடுகிறோம். கோண்டாவில் பக்கம், ஒரு வெள்ளைச் சுவர், இரவல் புரொஜெக்டர், முப்பது பிளாஸ்டிக் கதிரை. இதுவரை போட்டவற்றில் ஆட்களை அதிகம் கதைக்க வைத்தது ‘டிஸ்ட்ரிக்ட் 9’. இரண்டு தடவை போட்டோம். இரண்டு தடவையும் படம் ஓடிய நேரத்தைவிடக் கதைத்த நேரம் கூட. இப்போதும் சந்தையிலும் சலூனிலும் என்னை மறித்து அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எனவே எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். முடிவு உட்பட முழுக் கதையும் இதில் வரும், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

கதை என்ன?

1982இல் ஜொகன்னஸ்பேர்க் நகரத்துக்கு மேலே ஒரு பெரிய விண்கப்பல் வந்து நிற்கிறது. மூன்று மாதமாக அதிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஓட்டை போட்டு உள்ளே போய்ப் பார்த்தால், பசியில் ஒட்டி உலர்ந்த வேற்றுக்கிரகவாசிகள் கூட்டம் கூட்டமாகக் கிடக்கிறார்கள். அவர்களைக் கீழே இறக்கி ஒரு முகாமில் விடுகிறார்கள். அந்த முகாம்தான் டிஸ்ட்ரிக்ட் 9. தற்காலிகம் என்று தொடங்கியது இருபது வருடத்துக்கு மேல் நீள்கிறது. வேலி, தகரக் கொட்டில், குப்பைமேடு. நகரத்துச் சனம் ‘இவர்களை எங்காவது கொண்டுபோய் விடுங்கள்’ என்கிறது. 18 லட்சம் பேரை நகரத்துக்கு வெளியே ‘டிஸ்ட்ரிக்ட் 10’ என்ற புது இடத்துக்கு மாற்றும் வேலையை எம்.என்.யு. என்ற தனியார் கம்பனி எடுக்கிறது.

அந்த வேலைக்குப் பொறுப்பாகப் போடப்படுபவர் விக்கஸ். மாமனார் கம்பனியில் பெரிய ஆள், இவர் வெறும் கிளாக்கர். நோட்டீஸ் கொடுக்கப் போன கொட்டிலொன்றில் ஒரு குழாயிலிருந்த திரவம் முகத்தில் தெறிக்கிறது. அதிலிருந்து அவருடைய உடம்பு மெல்ல மெல்ல வேற்றுக்கிரகவாசியின் உடம்பாக மாறுகிறது. அவர்களுடைய ஆயுதங்கள் அவர்கள் கையில் மட்டுமே இயங்கும். ஆகவே விக்கஸின் கை கம்பனிக்குப் பெருஞ்சொத்தாகிவிடுகிறது. அறுத்துப் பார்க்க மாமனாரே சம்மதிக்கிறார். தப்பி ஓடுகிறவருக்கு ஒளிந்துகொள்ளக் கிடைப்பது, தான் காலிபண்ணப் போன அதே முகாம்.

இயக்கியவர் ஜொகன்னஸ்பேர்க்கில் பிறந்து கனடாவுக்குப் போன நீல் புளொம்காம்ப். தயாரிப்பு பீட்டர் ஜாக்சன், விக்கஸாக நடித்தவர் ஷார்ல்டோ கொப்லி. மூன்று கோடி டொலரில் எடுத்து இருபது கோடிக்கு மேல் உழைத்த படம். சிறந்த படம் உட்பட நான்கு ஒஸ்கார் பரிந்துரைகள்; ஒன்றும் கிடைக்கவில்லை.

2009ஆம் ஆண்டுப் படத்தை ஏன் இப்போது போட்டீர்கள்?

அந்த ஆண்டுதான் காரணம். படம் வெளிவந்தது 2009 ஓகஸ்டில். போர் முடிந்த கையோடு, அந்த மாதம் வவுனியா செட்டிகுளத்து மெனிக் பாம் என்ற முகாமிலும் மற்ற முகாம்களிலும் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட எங்கள் சனம் முள்ளுக்கம்பிக்குள் இருந்தது. உலகம் தியேட்டரில் முகாம் பார்த்துக்கொண்டிருந்தபோது நாங்கள் முகாமிலிருந்தவர்களுக்குச் சாப்பாட்டுப் பார்சல் எப்படி அனுப்பலாம் என்று அலைந்துகொண்டிருந்தோம். அந்த நேரம் ஆர் இங்கே ஏலியன் படம் பார்த்தது? கடைசியாக மெனிக் பாம் மூடப்பட்டது 2012 செப்டெம்பரில்.

தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அறிவித்தல் பலகையில் முதலில் ‘மாவட்டம் 9’ என்றுதான் எழுதினேன். மாவட்டம் என்றால் கச்சேரி, அரசாங்க அதிபர், அபிவிருத்திக் கூட்டம் எல்லாம் நினைவுக்கு வருகிறது, முகாம் வரவில்லை. படம் முடிந்ததும் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுந்து, “தம்பி, அது வலயம். ஒன்பதாம் வலயம்” என்றார். அவ்வளவுதான், அதன் பிறகு யாரும் வேறு பெயர் சொல்லவில்லை.

எங்களுக்கு இரண்டு வலயம் தெரியும். ஒன்று வலயக் கல்வி அலுவலகம். மற்றது, சனத்தை வெளியேற்றிவிட்டு இராணுவம் வைத்திருந்த உயர் பாதுகாப்பு வலயம். மெனிக் பாமும் வலயம் வலயமாகத்தான் பிரிக்கப்பட்டிருந்தது. சில பிரிவுகளுக்குக் கதிர்காமர், இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி என்று தமிழ்ப் பெரியவர்களின் பெயரை வைத்தார்கள். மற்றவற்றுக்கு வெறும் இலக்கம். படத்தில் ஒரு வேற்றுக்கிரகவாசிக்கு ‘கிறிஸ்தோபர் ஜோன்சன்’ என்று பெயர் வைத்திருப்பதைப் பார்த்து இளம் பெடியள் சிரித்தார்கள். அவனுடைய சொந்தப் பெயர் படம் முடியும்வரை யாருக்கும் தெரியாது. எங்கள் கூட்டத்தில் மெனிக் பாமில் பதினொரு மாதம் இருந்த ஒரு அக்கா சிரிக்கவில்லை. “எங்களை இராமநாதனில இருக்கிற ஆக்கள் எண்டுதான் கூப்பிட்டவை” என்றார்.

அவர்களை ஏன் ‘இறால்’ என்று திட்டுகிறார்கள்?

ஜொகன்னஸ்பேர்க்கில் வீட்டுத் தோட்டங்களுக்குள் வரும் ஒரு பெரிய பூச்சியினம் உண்டு. வெட்டுக்கிளிக்கும் சில்வண்டுக்கும் சொந்தக்காரன் மாதிரி, பார்த்தால் அருவருப்பு வரும். அதை அங்குள்ளவர்கள் பார்க்டவுன் இறால் என்பார்கள். வசை அங்கிருந்து வந்தது. இங்கே அது எடுபடவே இல்லை. இறால் என்றதும் எங்கள் ஆட்களுக்கு ஒடியல் கூழ்தான் ஞாபகம் வந்தது. “விலை தெரியாமல் திட்டுறாங்கள்” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

இது உண்மைக் கதையா?

ஏலியன் பொய். மற்றதில் பெரும்பகுதி உண்மை.

கேப்டவுனில் ‘டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்’ என்று பல இனத்தவரும் கலந்து வாழ்ந்த ஒரு பகுதி இருந்தது. 1966இல் நிறவெறி அரசாங்கம் அதை வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்தது. அடுத்த பதினைந்து வருடங்களில் 60,000க்கு மேற்பட்டவர்கள் நகரத்துக்கு வெளியே மணல் வெளிக்கு ஏற்றப்பட்டார்கள், வீடுகள் புல்டோசரால் இடிக்கப்பட்டன. படத்தின் பெயரே அதைத்தான் சுட்டுகிறது. ஜொகன்னஸ்பேர்க்கிலும் 1955இல் சோபியாடவுன் என்ற பகுதியைக் காலிபண்ணினார்கள். இடித்த இடத்தில் வெள்ளையருக்கு வீடு கட்டி ‘வெற்றி’ என்று பொருள்படும் பெயரையும் வைத்தார்கள். பெயர் வைப்பதில் எல்லா அரசாங்கமும் கெட்டிக்காரர்தான்.

படப்பிடிப்பு நடந்தது சொவெட்டோவில் சியாவெலோ என்ற குடிசைப் பகுதியில். அந்த நேரத்தில் அங்கிருந்தவர்களை அரசாங்கம் வேறு வீடுகளுக்கு மாற்றிக்கொண்டிருந்தது. படத்தில் தெரியும் கொட்டில்கள் பெரும்பாலும் ஆட்கள் விட்டுவிட்டுப் போன உண்மையான கொட்டில்கள். இதைச் சொன்னதும் கூட்டம் கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. வலிகாமம் வடக்குக்குத் திரும்பிப் போனவர்கள் இருந்தார்கள். 1990இல் விட்டுவிட்டு ஓடிய வளவைப் பற்றைக்குள் தேடியவர்கள். மயிலிட்டித் துறைமுகம் இராணுவத்திடமிருந்து விடுபட்டது 2017இல், 27 வருடத்துக்குப் பிறகு. “வீட்டைக் காணேல்லை, கிணறுதான் அடையாளம்” என்று அவர்கள் எப்போதும் சொல்வார்கள். அன்றைக்கும் சொன்னார்கள்.

ஆட்கள் அதிகம் கதைத்த காட்சி எது? கடைசிச் சண்டைதானே?

இல்லை. படத்தின் தொடக்கத்தில் வரும் கையெழுத்துக் காட்சி.

விக்கஸ் கையில் துப்பாக்கி கிடையாது. ஒரு அட்டைப் பலகை, அதில் நோட்டீஸ், ஒரு பேனை. சட்டப்படி இருபத்துநான்கு மணி நேர அறிவித்தல் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். கதவைத் தட்டி, சிரித்து, குழந்தைகளுக்கு இனிப்பு நீட்டி, “இதில் ஒரு கையெழுத்து” என்கிறார். எரிச்சலில் ஒருவன் பலகையைத் தட்டிவிடுகிறான், தாளில் ஒரு கீறல் விழுகிறது. அதையே கையெழுத்தாக எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் விக்கஸ். கிறிஸ்தோபர் மட்டும் தாளை வாசித்துப் பார்த்து, இது சட்டப்படி செல்லாது என்கிறான். உடனே விக்கஸின் சிரிப்பு மாறுகிறது: அப்படியானால் உன் பிள்ளையைப் பிரித்துக் கொண்டுபோக வேண்டி வரும்.

இந்த இடத்தில் படத்தை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினோம். யார் யாருக்கு எந்த எந்தத் தாளில் கையெழுத்து வைத்த ஞாபகம் வந்ததென்று ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். சிங்களத்தில் இருந்த தாள், என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாமல் வைத்தது. நிவாரண அட்டைக்கு வைத்தது. காணி அளவையாளர் வந்தபோது வைக்க மறுத்தது. கம்பிவேலிக்குள் இருந்த இடத்துக்கு எங்கள் அரச தாள்களில் ‘நலன்புரி நிலையம்’ என்று பெயர் என்பதையும் ஒருவர் நினைவூட்டினார்.

அப்போது முன்னாள் விதானையார் ஒருவர் பேசினார். முப்பது வருடம் கிராம சேவையாளராக இருந்தவர், நல்ல மனிதர் என்று ஊரே சொல்லும். “உங்களுக்கெல்லாம் கையெழுத்து வைச்ச ஞாபகம் வருது. எனக்கு வாங்கின ஞாபகம் வருது. நான் ஒருத்தருக்கும் கெடுதல் நினைக்கேல்லை. அந்தாளும் நினைக்கேல்லைத்தானே” என்றார். எங்கள் கூட்டங்களில் நான் கேட்ட மிகச் சிறந்த திரை விமர்சனம் அதுதான். பேனையைக் கொலை ஆயுதமாகக் காட்டிய படத்தை அவர் பேனை பிடித்தவனின் பக்கத்திலிருந்து பார்த்தார்.

அப்படியானால் விக்கஸ் மீது இரக்கப்பட வேண்டுமா?

இதில் கூட்டம் இரண்டாகப் பிரிந்தது, இன்னும் ஒன்றுசேரவில்லை. இளம் ஆட்கள் பலர் வேண்டாம் என்றார்கள். குஞ்சுகள் இருந்த கொட்டிலுக்கு நெருப்பு வைத்துவிட்டு, முட்டைகள் வெடிக்கிற சத்தம் சோளப்பொரி மாதிரி இருக்கிறதென்று கமராவுக்குச் சிரித்துச் சொன்னவன் அவன். தன் கை மாறியதும்தான் அவனுக்கு நியாயம் அநியாயம் தெரிகிறது. அதன் பிறகும் கிறிஸ்தோபரைத் தாக்கிவிட்டுத் தான் மட்டும் தப்பப் பார்க்கிறான். கடைசிப் பத்து நிமிடத்தில் செய்கிற ஒரு நல்ல காரியத்துக்காக முழுப் படத்தையும் மன்னிக்க முடியுமா?

வயதானவர்கள் அப்படிச் சொல்லவில்லை. மனிதன் பெரும்பாலும் தன் தோலில் பட்டால்தான் உணர்வான், படாமலே உணர்கிறவன் அபூர்வம் என்றார்கள். நான் பெடியள் பக்கம். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: விக்கஸைக் கொடியவனாக எடுத்திருந்தால் விதானையார் அன்றைக்கு வாய் திறந்திருக்க மாட்டார்.

இது எங்களுடைய கதைதானே? நாங்கள்தானே அந்த இறால்கள்?

எல்லாரும் முதலில் கேட்பது இதுதான். முதல் தடவை போட்டபோது நானும் ஆம் என்றுதான் சொன்னேன். இரண்டாவது தடவை யாழ்ப்பாணத்து முஸ்லிம்களின் சோனகத் தெருவிலிருந்து ஒரு நண்பரை அழைத்திருந்தேன். அவர் கடைசிவரை ஒன்றும் பேசவில்லை. கேட்டுக் கேட்டு வற்புறுத்தியதும் சொன்னார்: “இருபத்துநாலு மணித்தியால நோட்டீஸ் எண்டு அவன் சட்டம் பேசுறான். எங்களுக்கு இரண்டு மணித்தியாலம் தந்தது.”

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை வெளியேற்றினார்கள். மாதக் கடைசியில் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களின் முறை வந்தது. அவர்களுக்குக் கொடுத்தது இரண்டு மணி நேரம். பலர் புத்தளத்து முகாம்களிலேயே பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் கண்டார்கள். படத்தில் முகாமுக்கு வெளியே நின்று தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுக்கும் நகரத்துச் சனம் ஞாபகமிருக்கிறதா? அதில் நாங்கள் எங்கே நின்றோம்? அன்றைக்குப் பேட்டி எடுக்க இங்கே யாரும் வரவில்லை, எடுத்திருந்தாலும் என்ன சொல்லியிருப்போம் என்று ஒரு பெரியவர் கேட்டார். பயம் இருந்தது, பேச முடியாது என்று இன்னொருவர் சொன்னார். இரண்டும் உண்மை. ஆனால் வெறுமையாகக் கிடந்த கடைகளைக் கடந்து அடுத்த கிழமை சந்தைக்குப் போனோம் என்பதும் உண்மை.

அதற்குப் பிறகு கதை வேறு திசையில் போனது. 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் முன்னேறி வர, வலிகாமத்துச் சனம் முழுவதும் நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குள் கொட்டியது. சாவகச்சேரிக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “முதல் கிழமை அண்டாவில சமைச்சுப் போட்டம். மூண்டாம் கிழமை அம்மா கிணத்து வாளியை உள்ளுக்குக் கொண்டுபோய் வைச்சிட்டா.” படத்திலும் அப்படித்தானே, இறங்கிய புதிதில் எல்லாருக்கும் பாவமாகத்தான் இருக்கும்.

கிணறு என்ற சொல் வந்ததும் அடுத்ததைத் தடுக்க முடியவில்லை. பின்வரிசையிலிருந்த ஒரு தம்பி, யாழ்ப்பாணத்தில் வேலி போட விண்கப்பல் வரத் தேவையில்லை என்றான். எந்தக் கிணற்றில் யார் அள்ளலாம், எந்தக் கடையில் யாருக்குத் தேத்தண்ணீர் எதில் கொடுத்தார்கள், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் சாதியைச் சொல்லி மறித்தபோது என்ன நடந்தது என்பதெல்லாம் அவன் அப்பாவிடம் கேட்டறிந்தவை. யாரை உள்ளே விடுவதென்று அடிபட்ட அதே மாவிட்டபுரம், 1990இல் எல்லாச் சாதியுமாக இடம்பெயர்ந்தது. இடம்பெயர்ந்த பிறகும் முகாமில் தண்ணீர்க் குழாய்க்கு யார் முதல் என்ற கதை ஓயவில்லை என்றான். இரண்டு பேர் எழுந்து போனார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றார்கள்.

சரி, என் பதில்: நாங்கள் இறால்களும்தான், விக்கஸும்தான், பேட்டி கொடுத்த சனமும்தான். முதலாவதை மட்டும் வைத்துப் பார்த்தால் பாதிப் படம்தான் தெரியும்.

நைஜீரியர்களை இப்படிக் காட்டலாமா?

கூடாது. படத்தின் பெரிய ஓட்டை இது. முகாமுக்குள் ஆயுதம் விற்பவர்கள், சூனியம் செய்பவர்கள், வேற்றுக்கிரகவாசியின் இறைச்சி தின்பவர்கள் எல்லாரும் நைஜீரியர். கும்பல் தலைவனின் பெயர் ஒபசாஞ்சோ, அந்நாட்டின் முன்னாள் ஜனாதிபதியின் பெயர். நைஜீரிய அரசாங்கம் கடுமையாக ஆட்சேபித்துத் தியேட்டர்களில் படத்தைப் போட வேண்டாம் என்றது.

இதிலுள்ள முரண் என்னவென்றால், படத்தின் வேரே வந்தேறிகள் மீதான வெறுப்புத்தான். முதலில் எடுத்த குறும்படத்துக்காக இயக்குநர் ஜொகன்னஸ்பேர்க் தெருவில் சாதாரண ஆட்களிடம் நைஜீரியா, சிம்பாப்வே அகதிகளைப் பற்றிக் கேட்டு, அந்தப் பதில்களை ஏலியனைப் பற்றிச் சொன்னது போல் ஒட்டினார். 2008 மே மாதம் அங்கே வெளிநாட்டு ஆபிரிக்கர்கள் மீதான கலவரத்தில் அறுபதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இவ்வளவும் தெரிந்த ஒருவர் வில்லன் தேவைப்பட்டதும் அதே நைஜீரியனைத்தான் கூப்பிட்டிருக்கிறார். தமிழ்ப் படங்களில் இலங்கைத் தமிழனை எப்படியெல்லாம் காட்டினார்கள் என்று பார்த்துப் பழகிய எங்களுக்கு அந்த ஆட்சேபம் விளங்காமல் போகாது.

விஞ்ஞானம் சரியா?

சரியில்லை. கப்பலுக்கு எரிபொருளான திரவம் ஏன் மனித உடம்பின் மரபணுவை மாற்றுகிறது என்று படம் சொல்லவே இல்லை. ஏ.எல். உயிரியல் படிக்கும் ஒரு பிள்ளை இதற்காகவே படத்துக்கு நூற்றுக்கு முப்பத்துநான்கு கொடுத்தாள். சித்தியடையவில்லையாம்.

இரண்டாம் பாதி வெறும் சுடுபாடுதானே?

பெரும்பாலும் அப்படித்தான், எனக்கும் அதில் குறை. முதல் பாதி செய்தித் துண்டு, பேட்டி, கண்காணிப்புக் கமரா என்று ஆவணப்படம் போல ஓடும். பிறகு அந்தப் பாணியையே பாதி மறந்துவிட்டு, ராட்சதக் கவசத்துக்குள் ஏறிச் சுட ஆரம்பித்துவிடுகிறது. பன்றியைத் தூக்கி எறிகிற இடத்தில் பெடியள் விசில் அடித்தார்கள். சில அம்மாக்கள் காதைப் பொத்தினார்கள், அது படத்தின் பிழை அல்ல. சத்தமாகத் துப்பாக்கி கேட்டால் சிலருக்கு இன்னும் அப்படித்தான். இரண்டாவது தடவை அந்தப் பகுதியில் ஒலியைக் குறைத்துவிட்டோம். நீங்களும் எங்காவது போடுவதானால் முதலே சொல்லிவிடுங்கள்.

பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். நகம் கழன்று விழுவதும் உடல்கள் சிதறுவதும் நிறைய, தூசணமும் நிறைய. பதினாறு பதினேழு வயதுக்கு மேல் கூட இருந்து பார்க்கலாம்.

இரண்டாம் பாகம் வருமா?

திரைக்கதை எழுதுவதாக இயக்குநர் 2021இல் சொன்னார். அவ்வளவுதான்.

முடிவில் கிறிஸ்தோபர் திரும்பி வருவானா? எங்கள் ஆட்கள் என்ன சொன்னார்கள்?

கிறிஸ்தோபர் மகனோடு கப்பலில் ஏறிப் போகிறான், விக்கஸைப் பழைய உருவத்துக்கு மாற்ற மூன்று வருடத்தில் வருவேன் என்று சொல்லிவிட்டு. அவன் உதவியோடு வருவானா, படையோடு வருவானா, வரவே மாட்டானா என்று படம் சொல்லாது. முகாமிலிருந்தவர்கள் டிஸ்ட்ரிக்ட் 10க்கு மாற்றப்பட்டுவிடுகிறார்கள். விக்கஸின் மனைவியின் வாசலில் யாரோ குப்பைத் தகரத்தில் செய்த ஒரு பூவை வைத்துவிட்டுப் போகிறார்கள். இது அவர் வைத்ததாக இருக்காது, அவர் இல்லையே என்று சிநேகிதிகள் சொல்வதாக அவள் பேட்டியில் சொல்கிறாள். அடுத்த காட்சியில் குப்பைமேட்டில் ஒரு வேற்றுக்கிரகவாசி குந்தியிருந்து பூச் செய்துகொண்டிருக்கிறது.

பெடியள் படையோடு வருவான் என்றார்கள். விதானையார், மூன்று வருடம் என்று சொன்னால் கோப்பில் முப்பது என்று எழுதிக்கொள்ளலாம் என்றார். கூட்டத்தில் மகனைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு அம்மா இருந்தார், பக்கத்து வீட்டுப் பிள்ளை கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஆங்கிலம் விளங்காது, நாங்கள் இடையிடையே தமிழில் சொன்னதை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர். கிறிஸ்தோபர் வருவானா என்று எல்லாரும் கத்திக்கொண்டிருந்தபோது அவர் அதைக் கேட்கவில்லை. வாசலில் பூவை எடுத்த பிள்ளை அதை வீட்டுக்குள்ளே கொண்டுபோனாளா, வெளியே வைத்துவிட்டாளா என்று கேட்டார். எனக்குச் சரியாக ஞாபகமில்லை. கடைசி இரண்டு நிமிடத்தைத் திரும்பப் போட்டோம்.